பாடத்திட்டமும் நம் பிள்ளைகளும்

(கோவிலம்பாக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது வழக்கம். அப்பணியைச் செயலாளர் அவர்கள் தம் ஆண்டறிக்கையில் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். ஆகவே, நாம் செய்யத் தவறிய ஒன்றைப் பற்றிப் பேச இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறோம். பள்ளியிலும் கல்லூரியிலும் எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், அதை முடிவு செய்பவர் யார் என்பதே நமது பொருள். கேட்பதற்கு வறண்ட பொருள்தான். பாயசத்திற்கு முன் இப்படி ஒரு கசப்பா என்று சிலர் நினைக்கக்கூடும். பொறுத்தருள வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் மாலை வகுப்பு தொடங்கியபோது நமக்கென்று ஒரு பாடத்திட்டம் இருந்ததா? இருந்தது, ஆனால் அதற்கு அப்பெயர் என்று அப்போது நமக்குத் தெரியாது. வாய்ப்பாடு, தமிழ் வாசிப்பு, ஆங்கிலக் கையெழுத்துப் பயிற்சி, இந்த மூன்றும்தான். ஏன் இந்த மூன்று? நமக்குத் தெரிந்தவை அவ்வளவே. கற்பிக்க வந்தவர்கள் என்ன கற்றிருந்தார்களோ அதுவே கற்க வந்தவர்களின் எல்லையாயிற்று. அறிவியலைக் கற்பிக்க ஆளில்லை என்பதால் அறிவியல் இல்லை. அதைக் குறையாக யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தெருவில் சுற்றாமல் விளக்கடியில் உட்கார்ந்தார்கள் என்பதே அன்றைக்குப் பெரும் மகிழ்ச்சி.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தேறத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் தேர்ச்சி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம், இனிப்பு வழங்கினோம். அதற்கு அடுத்த கட்டத்தை நாம் பார்க்கவே இல்லை. ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், அவர் இந்த அவையிலேயே பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார், அனுமதி பெற்றே சொல்கிறோம். அவர் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். தகப்பனார் கல்குவாரியில் உழைத்து, பிறகு கட்டட வேலைக்குச் சென்றவர். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு பள்ளிக்குப் போனார். “நீங்கள் கேட்கும் குரூப் நிரம்பிவிட்டது, இதில் போடுகிறேன், இதுவும் நல்லதுதான்” என்று சொல்லப்பட்டது. படிவத்தில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். அது தொழிற்கல்விப் பிரிவு, அலுவலக மேலாண்மை. மாலையில் வந்து நம்மிடம் சொன்னபோது நாம் என்ன சொன்னோம்? “இடம் கிடைத்ததே பெரிது” என்றோம். இதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பள்ளியின் பேரில் மட்டும் பழி போடுவது நமக்கு எளிது. ஆனால் அன்று நமக்கும் வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் வாங்க விரும்பினார். கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படிக்காதவருக்கு அந்த வாயில் இல்லை என்று அப்போதுதான் தெரிய வந்தது. பதினைந்து வயதில், ஒரு காலைப்பொழுதில், ஒரு மேசையின் முன் நடந்த முடிவு அது. அவர் பிறகு அஞ்சல் வழியில் வணிகவியல் பட்டம் பெற்று இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். நம் மாலை வகுப்புக்கும் கணக்குச் சொல்லித் தருகிறார். குறைந்துபோன வாழ்க்கை என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் அவர் விரும்பியது அதுவன்று.

‘விருப்பப் பாடம்’ என்ற சொல் இனிமையான சொல். யாருடைய விருப்பம் என்பதுதான் கேள்வி. வீட்டில் படித்தவர் ஒருவர் இருந்தால், எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும் என்று எட்டாம் வகுப்பிலேயே பேச்சு தொடங்கிவிடும். அவ்வீட்டுப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்காகப் பிறர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் பயில விரும்பினார். தீண்டப்படாத சாதிப் பிள்ளை என்ற காரணத்தால் அது அவருக்கு மறுக்கப்பட்டது. பாரசீகம் படிக்க நேர்ந்தது. பள்ளிக்குள் இடம் உண்டு, பாடத்திற்குள் இடம் இல்லை! அதே மனிதர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது யாரும் தடுக்கவில்லை. அங்கு அவர் பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 பாடங்களையும், தொடக்க நிலைப் பிரெஞ்சு, ஜெர்மன் ஒவ்வொன்றையும் பயின்றார் என்பது பதிவான செய்தி. பசித்தவன் விருந்தில் உட்கார்ந்தது போல. இந்தியாவில் பூட்டியிருந்த கதவு எது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கோவிலம்பாக்கம் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. இடையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்திற்குள் வந்தது. இந்தச் செங்கல்பட்டில் நம் முன்னோர் வாழ்ந்த நிலையை ஆராய்ந்து ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாகவே பஞ்சமி நில ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்கான ஆணையும் பிறந்தன. அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அம்முயற்சியில் துணை நின்றார். நம் ஊரிலிருந்து அடையாறு நடந்து போய்விடும் தொலைவுதான். ஆனால் அப்பள்ளிகள் ஆரம்ப வகுப்புகளோடு நின்றவை. அவற்றின் நோக்கம் நம்மவர் தம் வாழ்க்கையைச் சற்றுத் திறமையாக நடத்திக்கொள்ள உதவுவது. கல்லூரிக்கு ஆயத்தம் செய்வதன்று. நன்றி மறவாதவர்கள் நாம். ஆயினும், யாருக்காக ஒரு பாடத்திட்டம் வகுக்கப்படுகிறதோ அவர்கள் எதுவரை போகலாம் என்ற கோட்டையும் அது கூடவே வகுத்துவிடுகிறது என்பதை நன்றியோடுகூடக் கவனிக்கத்தான் வேண்டும்.

மகாத்மா ஜோதிராவ் புலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அளித்த மனுவில், கிராமத்து ஆரம்பப் பள்ளியில் எவை கற்பிக்கப்பட வேண்டும் என்று ஒரு பட்டியலே தந்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு, பொது வரலாறு, புவியியல், இலக்கணம், வேளாண்மையின் அடிப்படை அறிவு, ஒழுக்கமும் துப்புரவும் பற்றிச் சில பாடங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வேளாண்மை வேண்டும் என்றார். ஆனால் அதற்காக வரலாற்றையும் இலக்கணத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு 1953ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அந்த ஆண்டு, முதலமைச்சர் இராஜாஜி அவர்களின் அரசு சென்னை இராஜ்யத்துக் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் சீர்திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம். பள்ளி நாள் இரண்டு வேளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பிள்ளை ஒரு வேளை மட்டும், மூன்று மணி நேரம், வகுப்பில் இருக்கும். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலை வீட்டிலும் ஊரிலும் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களைக் கேட்காமல் தள்ளிவிடக் கூடாது. பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை. இருக்கின்ற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார்கள். உடலுழைப்பின் பெருமையைப் பிள்ளை உணரும் என்றார்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழி அப்போது நமக்கு நிறைய எடுத்துச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் வீட்டுப் பரணில் ஏடுகள் அடுக்கடுக்காக இருந்தன என்பது வேறு செய்தி.

இத்திட்டம் நம் கோவிலம்பாக்கம் போன்ற ஒரு சிற்றூரில் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று இருநூறடிச் சாலையும் அடுக்குமாடிகளும் நிற்கும் இடம் அன்று ஏரிப் பாசன நெல்வயல். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. பக்கத்து ஊருக்குச் சுண்ணாம்பு குளத்தூர் என்றே பெயர். சுற்றிலும் பாறையும் கல்லுடைப்பும். தச்சர் மகன் தந்தையிடம் தச்சு கற்பான், சரி. நெசவாளர் மகன் தறியில் உட்காருவான். நம் சேரிப் பிள்ளை தந்தையிடம் எதைக் கற்கும்? நாற்றுப் பறிப்பதையா, கல் சுமப்பதையா, செத்த மாட்டை இழுப்பதையா, பறை கொட்டி இழவு சொல்வதையா? அந்தத் தகப்பனுக்குச் சொந்தப் பட்டறை ஏது, சொந்த வயல் ஏது? அவன் வேலை செய்வது பிறருடைய வயலில். பிள்ளை தொழில் கற்கப் போவதும் அதே வயலுக்குத்தான். வீட்டுத் தொழிற்பயிற்சி என்று ஏட்டில் எழுதப்பட்டது, ஊரில் பண்ணையாருக்குக் கூலியில்லா ஒரு ஆளாக முடியும். இதற்கு எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அரை நாள் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. நேரம் குறையும்போது எந்தப் பாடம் முதலில் விழும்? எழுத்தும் வாய்ப்பாடும் நின்றுவிடும். இயற்கை அறிவும், வரலாறும், சித்திரமும், விளையாட்டும் விழும். பாடத்திட்டத்தின் பட்டியலில் ஒரு வரியைக்கூட அடிக்காமலே, மணியை முன்னதாக அடித்துப் பாடத்தைக் குறைத்துவிடலாம். ஆகவே, பள்ளியில் மணிக்கணக்கும் பாடத்திட்டமே என்று நாம் கருதுகிறோம்.

பெரியாரும் திராவிடர் கழகமும் தி.மு.கழகமும் இத்திட்டத்தை எதிர்த்தன. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954ஆம் ஆண்டு இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதலமைச்சரானார். அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி வாசலே மிதியாத பெற்றோரும் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறோம். எந்தப் பாடம் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அரை நாள் போதாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1938இல் அதே இராஜாஜி அவர்களின் ஆட்சியில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் நடராசன் என்ற நம் சமூகத்து இளைஞர் 1939 சனவரியில் சிறைக் கைதியாகவே உயிர் நீத்தார். இரண்டு மாதத்தில் தாளமுத்துவும் மறைந்தார். அந்தக் கட்டாயம் 1940இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு பாடம் கட்டாயமா, இல்லையா என்ற கேள்விக்காகத் தமிழ்நாட்டில் உயிர் கொடுத்தவர்களில் முதல்வர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். தாளமுத்து நடராசன் மாளிகையைக் கடந்து எழும்பூர் போகும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்படியானால் கட்டாயப் பாடம் என்பதே தீது என்று கொள்வதா? அவ்வாறு கொள்வது பெரும் பிழை. நமக்குக் கிடைத்த பெரும் நன்மை ஒன்றும் கட்டாயத்தின் வழியாகவே வந்தது. நம் மூத்தோர் எஸ்.எஸ்.எல்.சி. படித்த காலத்தில், பதினோராம் வகுப்பு வரை பள்ளி, பின்னர் ஓராண்டு பி.யு.சி. என்ற முறை இருந்தது. பி.யு.சி.யின் ஆங்கிலத்தில் மூழ்கிப் போனவர்கள் நம் குடும்பங்கள்தோறும் உண்டு. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக் குழு இரண்டு பெரும் பரிந்துரைகளைச் செய்தது. ஒன்று, பத்து, இரண்டு, மூன்று என்ற ஆண்டமைப்பு. மற்றொன்று, முதல் பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் கணிதமும் அறிவியலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுக் கல்வியின் பகுதியாகக் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது. ‘இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது, அந்தப் பெண்ணுக்கு அறிவியல் எதற்கு’ என்று முகத்தைப் பார்த்து ஒதுக்கும் வழியை இது அடைத்தது. கணிதம் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்பது மெய். ஆனால், அந்த அச்சத்தைக் காரணம் காட்டி அப்பாடத்தையே விருப்பப் பாடமாக்கினால், முதலில் அதை விடப்போவது யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே பாதை. அதற்குப் பின் பாதை பிரிகிறது. அந்தப் பிரிவு நிற்கும் இடத்தில்தான் நம் மாணவியின் தகப்பனார் கையொப்பமிட்டார். பத்தாண்டுக் கட்டாயம் காப்பாற்றியதை ஒரு நாள் விருப்பம் கைவிட்டது.

பத்து வரையிலான பாதையும் உண்மையில் ஒன்றாக இல்லை என்பது வேறு கதை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக்குலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அதை நிறுத்தி வைக்க முயன்றபோது, உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தியே தீர வேண்டும் என்று ஆணையிட்டது. புத்தகம் ஒன்றாயிற்று, கட்டடமும் ஆய்வுக்கூடமும் ஒன்றாகவில்லை. இருந்தாலும், புத்தகம் ஒன்றானது சிறிய செய்தியன்று.

அந்தப் புத்தகத்திற்குள் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். நம் பக்கத்துப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் பெருந்தலைவர் எம்.சி.ராஜா. ஆசிரியராகப் பணியாற்றியவர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர், ஆரம்பக் கல்வி பற்றியும் இடைநிலைக் கல்விச் சீரமைப்புப் பற்றியும் ஆராய்ந்த அரசுக் குழுக்களில் உறுப்பினராக இருந்தவர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாடத்திட்டம் பேசும் மேசையில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தார்! நாம் படித்த காலத்துப் புத்தகங்களில் அவர் பெயரைக் கண்டதில்லை. 2019இல் வந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா மூவரும் இடம்பெற்றிருக்கிறார்கள். இப்போது பிள்ளைகள் அவர்களை மதிப்பெண்ணுக்காகவாவது படித்தாக வேண்டும். பாடம் சேர்வது போலவே பாடம் நீங்குவதும் உண்டு. அதே 2019இல் மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து, நாஞ்சில் நாட்டுப் பெண்களின் மேலாடைப் போராட்டத்தைச் சொன்ன இயல் எடுக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காக என்றார்கள். எந்தச் சுமை யாருக்குக் கனத்ததோ!

அரியலூர் மாவட்டம் குழுமூரில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண். மாநிலப் பாடத்திட்டம் எதைக் கற்பித்ததோ அதை ஏறக்குறைய முழுமையாகக் கற்றவர். 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தது. அத்தேர்வு வேறொரு வாரியத்தின் நூல்களை ஒட்டியது. பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு ஆண்டுப் பாடங்களையும் கேட்டது. இங்கோ, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் ஊறிப்போயிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அந்தப் பெண்ணை 2017 செப்டம்பர் முதல் நாள் நாம் இழந்தோம். கற்பித்தது ஒன்று, கேட்டது ஒன்று. நடுவில் நின்றவர் நம் பிள்ளை. அதன் பின்னர், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. நம் பிள்ளைகள் அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒதுக்கீடு பிறந்த கதையை மறந்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது.

பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒதுக்கப்படுவதைத் தடுக்கவென்றே 2018 மார்ச் முதல் அவ்வகுப்பிற்கும் பொதுத் தேர்வு வைக்கப்பட்டது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அத்தேர்வு நீக்கப்பட்டது. மாணவரின் மன அழுத்தம் குறையும் என்பது நல்ல எண்ணமே. பழைய பழக்கம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீட்டில் அதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். நம் வீட்டில் நம் சங்கம்தான் பார்க்க வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020இலும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் ஓராண்டு முடித்து வெளியேறினால் ஒரு சான்றிதழ், ஈராண்டு முடித்தால் பட்டயம், வேண்டும்போது திரும்பி வந்து தொடரலாம். காகிதத்தில் பார்த்தால் தாராளமான ஏற்பாடு. ஆனால், எந்த வீட்டுப் பிள்ளை ஓராண்டில் வெளியேறும்? தகப்பனார் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்ட வீட்டுப் பிள்ளை. திரும்பி வருமா? தாம்பரத்திலிருந்து தரமணி வரை ‘டெலிவரி’ வண்டி ஓட்டும் நம் இளைஞர்களைக் கேளுங்கள். நிறுத்திய படிப்பைத் தொடரவேண்டும் என்று ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். முன்பு இடையில் நின்றால் ‘நின்றுவிட்டான்’ என்று ஊர் வருந்தியது. இனிச் சான்றிதழோடு வாழ்த்தி அனுப்புவோமோ என்பதே நம் அச்சம். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் தொழில் அறியவேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது. பத்து நாளை 1953இன் அரை நாளோடு சமமாக வைத்துப் பேசுவது நேர்மையாகாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும் அறிவதானால் அது நன்றே. அடையாற்று வீட்டுப் பிள்ளைகள் பத்து நாள் கழிவுநீர்க் குழாய்ப் பணியாளரோடு செல்லுமானால் நாமே மாலை மரியாதையோடு வரவேற்போம்.

இளைஞர்களிடம் ஒரு சொல். எல்லாரும் பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அண்ணல் படித்தது பொருளாதாரமும் சட்டமும். வரலாறு எடுத்தால் இழிவு என்ற எண்ணம் நம் தெருவிலும் புகுந்துவிட்டது. அதை விரட்ட வேண்டும். விரும்பி எடுத்த வரலாறு வேறு, தள்ளி விடப்பட்ட வரலாறு வேறு. தமிழை விட்டுவிட்டு, மதிப்பெண் கூடுமென்று பிரெஞ்சு எடுக்கும் வழக்கமும் சில தனியார் பள்ளிகளில் உண்டு. அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். ஆங்கிலத்தைக் கண்டு ஒளியவும் வேண்டாம். கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று வைத்திருக்கிறார்களே, அவை இரண்டும் ‘தேறினால் போதும்’ என்ற பாடங்கள் என்று மூத்த மாணவர் சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள். நேர்முகத் தேர்வில் உங்களை முதலில் நிறுத்துவது பகுதி இரண்டுதான்.

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். மருத்துவத்திற்கும் பி.எஸ்ஸி. செவிலியர் படிப்பிற்கும் உயிரியல் வேண்டும். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவு இரு வாயில்களையும் திறந்து வைக்கும். சுமை அதிகம், உண்மைதான். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிற்கு எந்தப் பிரிவும் போதும். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் மூன்றாண்டு பயின்றவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இந்த வழி நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியவில்லை. தொழிற்கல்விப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பு உண்டு. ஆகவே, கையொப்பம் போட்டுவிட்டவர்கள் கதவு மூடிவிட்டது என்று கலங்க வேண்டாம். சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

‘குரூப் நிரம்பிவிட்டது’ என்று சொன்னால், மதிப்பெண் வரிசைப் பட்டியலையும் இட ஒதுக்கீட்டு விவரத்தையும் காட்டுங்கள் என்று பணிவோடு கேட்க நமக்கு உரிமை உண்டு. சண்டை போட வேண்டாம். கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தால் போதும். நின்றுகொண்டிருப்பதற்கு அரை நாள் கூலியை இழக்க முடியாதவர்களுக்குப் பதிலாகச் சங்கத்திலிருந்து ஒருவர் உடன் வருவார்.

இந்த ஆண்டு முதல் நம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவ்வாண்டுப் பாடத்தையே ஒழுங்காக நடத்துவதும் கட்டாயம் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. கணக்குக்கு ஆள் உண்டு. அவரைப் பற்றித்தான் முன்பே சொன்னோம். இயற்பியலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இந்த அவையில் இயற்பியல் படித்த இளைஞர் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் சங்கக் கட்டடத்திற்கு வரவேண்டும். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் உடன் எடுத்து வரவும். பள்ளியில் கொடுக்கும் படிவத்தை வெறுமையாகவே கொண்டு வாருங்கள்; இங்கே உட்கார்ந்து நிரப்புவோம்.